கோர்ட்-சூர்-சியெல்: பிரான்சின் மலையுச்சி ஊரை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

தென்மேற்கு பிரான்சில், துலூஸ் நகரத்துக்கு வடகிழக்கே, தார்ன் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். 1222-இல் துலூஸ் கோமகன் ஏழாம் ரேமோன் எழுப்பியது. வெறும் 'கோர்ட்' என்றிருந்த பெயரோடு, 'வானின் மேல்' என்று பொருள்படும் 'சூர்-சியெல்' சேர்ந்தது 1993-இல்தான். பெயரின் முதல் சொல்லின் கடைசியில் ஓர் 'எஸ்' எழுதுவார்கள் (Cordes), உச்சரிக்க மாட்டார்கள். ரயில் செயலியில் தேடும்போது அதையும் சேர்த்தே தட்டுங்கள்.

மலையுச்சியில் உள்ள பழைய பகுதியான மேலூர் மிகச் சிறியது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பத்து நிமிட நடைதான். இருந்தும் பலர் பாதி பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தப்பான நாளில் போவது ஒரு காரணம். ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கணக்கில் எடுக்காதது இன்னொன்று.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை கைவினைக் கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். திங்கள்கிழமையைத் தவிருங்கள், பிரெஞ்சு ஊர்ப்புறங்களில் அது பொதுவாகக் கடையடைப்பு நாள். சனிக்கிழமை காலை மலையடிவாரத்துக் கீழூரில் சந்தை கூடும், அன்று போனால் பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு மேலே ஏறலாம். ஜூலை 14-ஐ ஒட்டி இடைக்காலத் திருவிழா நடக்கும். வேடமணிந்த கூட்டத்தைப் பார்க்க விரும்பினால் அப்போது போங்கள். கல்லையும் கட்டடத்தையும் பார்க்க வேண்டுமென்றால் அப்போது போகாதீர்கள்.

படி 2: கடைசி 5 கிலோமீட்டருக்கு முன்பே வழி செய்யுங்கள்

துலூஸ் மத்தபியோ நிலையத்திலிருந்து கோர்ட்-விந்த்ராக் நிலையத்துக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். சில வண்டிகளில் நடுவழியில் மாற வேண்டியிருக்கும். இறங்கும் இடம் சின்னஞ்சிறு நிலையம், அங்கிருந்து ஊர் 5 கிலோமீட்டர். வெளியே வந்தால் வாடகை வண்டி நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி வையுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து. நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதன் பிறகுதான் மலையேற்றமே தொடங்கும். ஆல்பியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனால் ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கான அட்டவணையைத் தனியாகப் பாருங்கள். காரில் போகிறவர்கள் கீழூரில் கட்டணம் கட்டி நிறுத்திவிடுங்கள்.

படி 3: கிழக்கே ஏறி மேற்கே இறங்குங்கள்

ஏறத்தாழ நூறு மீட்டர் உயரம் ஏற வேண்டும். கீழே பூத்தேய்ரி சதுக்கத்திலிருந்து கடிகாரத் தெரு வழியாகத் தொடங்குங்கள். பாதை முழுக்க உருளைக்கல் பதித்தது. ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். சக்கரப் பெட்டியை இழுக்க முடியாது, குழந்தைத் தள்ளுவண்டியும் படாத பாடு படும். மழை பெய்தால் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. முட்டி வலி உள்ளவர்கள் பருவகாலத்தில் ஓடும் சுற்றுலாக் குட்டி ரயிலில் ஏறிக்கொள்ளலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வழியில் 'பாத்தெர் நோஸ்தெர்' ('எங்கள் தந்தையே') படிக்கட்டு வரும். கிறித்தவர்களின் அந்த ஜெபத்தில் எத்தனை சொற்களோ அத்தனை படிகள் என்பது ஊர்ப்பேச்சு.

படி 4: வாசல்களையும் வீடுகளையும் அண்ணாந்து பாருங்கள்

ஒரே பக்கத்தில் ஏன் அடுத்தடுத்து இரண்டு கோட்டை வாசல்கள் என்று குழப்பம் வரும். முதல் மதிலுக்குள் ஊர் கொள்ளாமல் போனதால் வெளியே இன்னொரு மதில் எழுப்பினார்கள். கிழக்கில் வான்கேர் வாசல் வெளிமதிலுடையது, 'வண்ணம் தீட்டிய வாசல்' உள்மதிலுடையது. மேற்கில் ழான் வாசல் வெளியே, ஓர்மோ வாசல் உள்ளே.

உள்ளே நுழைந்ததும் தெரு மட்டத்தில் உள்ள கடைகளையே பார்த்துக்கொண்டு நடப்பது எல்லோரும் செய்யும் பிழை. சிற்பமெல்லாம் மேல்மாடிகளில் இருக்கிறது. எதிர்ச்சுவரை ஒட்டி நின்று அண்ணாந்து பாருங்கள். 'வேட்டைத் தலைவர் மாளிகை'யின் முகப்பில் காட்டுப்பன்றியைக் குத்தும் வேடன், முயலை விரட்டும் நாய் எல்லாம் வரிசையாக வரும். 'வல்லூறுக்காரர் மாளிகை', 'குதிரைத் தலைவர் மாளிகை' என்றெல்லாம் பெயர்கள் இருந்தாலும் அப்படிப்பட்ட அதிகாரிகள் யாரும் அங்கே வாழ்ந்ததில்லை. சிற்பங்களைப் பார்த்துப் பிற்காலத்தில் வைத்த பெயர்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14-இன் தொடக்கத்திலும் கட்டியவர்கள் துணியிலும் தோலிலும் காசு பார்த்த வணிகர்கள். கீழே அகல வளைவுகள் இருப்பது அதனால்தான்: அவை கடைவாசல்கள்.

நடுவில் 24 எண்கோணக் கல்தூண்கள் தாங்கும் பழைய சந்தை மண்டபம். அருகில் ஒரு கிணறு, ஆழம் 113 மீட்டருக்கு மேல். கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் மதவிசாரணை நடத்த வந்த மூன்று பேரை ஊரார் இதில் தள்ளிவிட்டதாகக் கதை சொல்வார்கள், கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். மலையுச்சியில் முற்றுகையிட்டால் முதலில் தீர்வது தண்ணீர், அந்தப் பயத்தின் அளவுதான் இந்த ஆழம். பக்கத்தில் பிரீத் சதுக்கத்தில் நின்றால் செரு ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

படி 5: 12 மணிக்கே சாப்பிட உட்காருங்கள்

இரண்டு மணிக்கு மேல் சமையலறை மூடிவிடும். உள்ளே போனதும் 'போன்ழூர்' சொல்லுங்கள், சொல்லாமல் மேசையைத் தேடினால் முகம் சுளிப்பார்கள். 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த்தண்ணீர் இலவசம். சைவர்களுக்கு இது கஷ்டமான வட்டாரம்: 'கனார்' என்றால் வாத்து, 'ழெஸியே' என்றால் வாத்தின் இரைப்பை. பச்சைக் காய்கறித் தட்டில்கூட அது கிடக்கும். உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுப்பதும் வழக்கம், எதில் வறுத்தது என்று கேட்டுவிடுங்கள். பாதாம் போட்ட 'க்ரோக்கான்' பிஸ்கட்டை ஊர்ப் பெருமையாக விற்பார்கள். மொறுமொறுப்பு நன்றாக இருக்கும், முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பது.

படி 6: ஊர் மிதப்பதைப் பார்க்க வேண்டுமென்றால்

படங்களில் மேகத்துக்கு மேல் மிதக்கும் ஊரை மேலூருக்குள் நின்றால் பார்க்க முடியாது. ஆற்றுப் பள்ளத்தாக்கில் இரவுக் குளிரில் படியும் மூடுபனி அது, இலையுதிர்கால விடியலில்தான் அதிகம், வெயில் ஏறினால் கலைந்துவிடும். பகல் ரயிலில் வருகிறவர்களுக்கு அகப்படாது. முந்தின இரவே கீழூரில் தங்கி, விடியுமுன் கைவிளக்கோடு எதிர்க்குன்றுச் சாலையில் ஏறி ஊரை நோக்கி நில்லுங்கள். முந்தின மாலை வானம் தெளிந்து காற்றில்லாமல் இருந்தால் பனி படிய வாய்ப்பு அதிகம். காற்றடித்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.