மலையில் பாடிய எஞ்சின் ஏரியில் ஏன் நின்றது? ப்ராப், நீடில், பிறகு ஓர் ஓட்டை ட்யூப்

ரேடியோவால் ஓட்டும் மாதிரி விமானத்துக்கு என்னிடம் ஒரு 46 க்ளோ எஞ்சின் இருக்கிறது. 46 என்றால் கொள்ளளவு 0.46 கன அங்குலம்; க்ளோ என்றால் தீப்பொறிக்குப் பதில் பிளக்கில் பழுக்கும் கம்பிச்சுருளால் எரிவது. ஏற்காட்டில் ஒரு ஞாயிறு முழுக்க அருமையாக ஓடியது. அடுத்த வாரம் சேலத்தில், வற்றிக் கிடந்த ஏரிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது 'விர்ர்' என்று ஒரு தடவை கூடுதலாகக் கத்திவிட்டு நின்றுபோனது. விமானம் பக்கத்து மரவள்ளிக் காட்டில் இறங்கியது. இறக்கையில் ஒரு கிழிசல், மரவள்ளி நான்கு செடி. காட்டுக்காரர் செடிக்குக்கூடக் கோபப்படவில்லை, "உள்ள ஆளு யாரும் இல்லையே தம்பி?" என்றுதான் கேட்டார்.

அந்தத் தப்பைக் கண்டுபிடித்த கதைதான் இது. முதல்முறை எஞ்சின் வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். ரேடியோ, சர்வோ எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ப்ராப் எடுப்பது

ப்ராப் என்பது எஞ்சின் சுற்றும் விசிறி (ப்ரொப்பெல்லர்). அதன் மேல் 11×6 என்று இருந்தால், முதல் எண் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ள நீளம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே அது.

15 எஞ்சினுக்கு 8×4, 25-க்கு 9×5 அல்லது 9×6, 40-க்கு 10×6, 46-க்கு 11×5 அல்லது 11×6. ஆரம்பிக்க இது போதும். எஞ்சினோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் தாள் சொல்வதையே கேளுங்கள்.

நான் இடறிய இடம் ஒன்று. 10-லிருந்து 11-க்குப் போவது ஓர் அங்குலம்தானே என்று நினைத்தேன். எஞ்சினுக்கு அது ஓர் அங்குலம் இல்லை. நீளத்தை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி (10×10×10×10 என்பதுபோல்), அதைப் பிட்ச்சால் பெருக்கினால் வருவதுதான் தோராயமான சுமை. 10×6-க்கு 60,000 வருகிறது. 11×6-க்கு 87,846. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! 11×5 என்றால் 73,205 தான். புது எஞ்சினைப் பழக்கும்போது நான் 11×5-ஐ மாட்டுவது இதனால்தான்.

வேகமும் கணக்கில் வரும். ஆர்.பி.எம்.-ஐ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, பிட்ச்சால் பெருக்கி, அதை 0.0015-ஆல் பெருக்குங்கள். 11×6 ப்ராப் 11,000 சுற்றினால் ஏறக்குறைய மணிக்கு 100 கி.மீ. பழகும் விமானத்துக்கு இதுவே அதிகம். நீளம் கூட, பிட்ச் குறைவாக இருந்தால் மெதுவாக, இழுவையோடு போகும். கற்றுக்கொள்ளும்போது அதுதான் வேண்டும்.

எந்தப் பொருள் நல்லது? மர ப்ராப் பார்க்க அழகு, ஆனால் நம் ஏரிக் கல்லில் மூக்கு குத்தினால் ஒரு இறக்கத்துக்கு ஒன்று காலி. கிளாஸ் ஃபைபர் கலந்த நைலான்தான் என் கட்சி. ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், விரலைக் கிழிக்கும். மாட்டும் முன் நைஸ் உப்புத்தாளால் லேசாக மழுக்குங்கள். கீறல் விழுந்த ப்ராப்பை ஒட்டிப் பயன்படுத்தவே கூடாது, உடைத்துக் குப்பையில் போடுங்கள். உடைக்காமல் வைத்தால் என்றைக்காவது நீங்களே எடுத்து மாட்டுவீர்கள்.

பேலன்ஸ் பார்க்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஓட்டையில் இறுக்கமாக நுழையும் நேரான கம்பியை இரண்டு டம்ளர் விளிம்பில் வைத்தால், கனமான பக்கம் கீழே போகும். அந்தப் பக்கத்தின் பின்முகத்தை மட்டும் தேயுங்கள். நடுக்குமிழைத் தொடாதீர்கள்.

எழுத்து உள்ள முகம் முன்னால் பார்க்க வேண்டும், அதாவது விமானத்துக்கு எதிரே நிற்பவருக்குத் தெரிய வேண்டும். இதைச் சொல்லவே தேவையில்லை என்று விட்டிருந்தேன். ஓமலூரிலிருந்து ஒருவர் "எஞ்சின் கத்துது, வண்டி நகரவே மாட்டேங்குது" என்று படம் அனுப்பினார். ப்ராப் திரும்பிக் கிடந்தது. அதனால் சேர்த்துவிட்டேன்.

கிளப்புவது

எரிபொருள் மெத்தனால், எண்ணெய், கொஞ்சம் நைட்ரோமீத்தேன். கலந்து வருவதையே வாங்குங்கள், வீட்டில் கலக்க வேண்டாம். மெத்தனால் என்ன செய்யும் என்பதை 2024-இல் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். வெயிலில் அதன் தீச்சுடர் கண்ணுக்கே தெரியாது.

நீடில் என்பது எரிபொருள் எவ்வளவு போகும் என்று கட்டுப்படுத்தும் ஊசித் திருகாணி. அதை எஞ்சின் தாள் சொல்லும் அளவு திறந்து, பிளக்குக்கு பேட்டரியிலிருந்து 1.5 வோல்ட் கொடுத்து, ரப்பர் உறை போட்ட குச்சியால் தட்டுங்கள். விரல் வேண்டாம். கிளம்பியதும் பின்பக்கம் போய்விடுங்கள். ப்ராப் சுழலும் கோட்டுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

ப்ராப் திடீரென்று கல் மாதிரி இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, விமானத்தைச் சாய்த்துச் சுற்றினால் வெளியே வந்துவிடும்.

நீடில், என்னை விழவைத்த இடம்

முழு த்ராட்டில் வைத்து நீடிலை ஒவ்வொரு கிளிக்காக உள்ளே திருகுங்கள். சத்தம் ஏறும், ஓர் இடத்தில் ஏறாமல் நிற்கும். அங்கே விட்டுவிடாதீர்கள். டேக்கோமீட்டரில் (சுற்று அளக்கும் கருவி) 300 ஆர்.பி.எம். குறையும் வரை வெளியே திருகுங்கள். பிறகு எரிபொருள் ட்யூபை ஒரு நொடி நசுக்கி விடுங்கள். சத்தம் சற்று ஏறித் திரும்பினால் சரி. ஏறாமலேயே தளர்ந்தால் லீன், அதாவது எரிபொருள் போதவில்லை, இன்னும் திறக்க வேண்டும். கடைசியாக, ஒருவர் விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பத்து விநாடி வைக்க வேண்டும். அப்போதும் சத்தம் தளராமல் இருந்தால்தான் பறக்கலாம்.

இதை நான் ஏற்காட்டில் ஒழுங்காகச் செய்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன இடம் 1,500 மீட்டர் உயரம். சேலம் ஊர் 300 மீட்டருக்குள்தான். மலைக் குளிரைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் அங்கே காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிசு. கீழே சரியாக இருந்த நீடில் மேலே ரிச் (காற்றுக்கு எரிபொருள் அதிகம்) ஆகிவிட்டது. எஞ்சின் வெள்ளையாய்ப் புகைவிட்டு 'கொட கொட' என்றது. ஆறு கிளிக் உள்ளே திருகினேன், பாட ஆரம்பித்தது. (ஆர்.பி.எம். கீழே காட்டிய அளவையே காட்டும், ஏமாறாதீர்கள். எஞ்சின் பலமும் ப்ராப்புக்குக் காற்று தரும் சுமையும் சேர்ந்தே குறைகின்றன. இழுவை குறைவு, ஓட நீளமான தரை வேண்டும்.)

இறங்கி வந்தபின் அந்த ஆறு கிளிக்கைத் திருப்பவில்லை. தரையில் நன்றாகத்தான் ஓடியது. மேலே போய்ச் சூடேறியதும் கத்தி நின்றது. இப்போது டேங்க் மூடியில் மார்க்கரால் 'சேலம் 0, மலை −6' என்று எழுதி வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலுக்கும் தையில் காலைப் பனிக்கும் நடுவேகூட ஓரிரண்டு கிளிக் மாறும்.

பிறகு சேர்த்தது: நீடிலுக்கு அடங்காத எஞ்சின்

மேலே உள்ளதை எழுதியபின் அதே எஞ்சின் மறுபடி நின்றது. ஒரு நாள் ரிச், ஒரு நாள் லீன், டேங்க் பாதியானதும் பைத்தியம். அரை நாள் நீடிலோடு மல்லுக்கட்டினேன். எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணன் எட்டிப் பார்த்து, "திருகாணிய விடுடா, ட்யூபப் பாரு" என்றார். ட்யூபில் சின்னச் சின்னக் குமிழி ஓடிக்கொண்டிருந்தது. டேங்கைத் திறந்தால், எரிபொருளுக்குள்ளேயே கிடக்கும்படி எடைக் குண்டு கட்டிய உள் ட்யூபில் ஊசிமுனை ஓட்டை. எரிபொருள் மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சியிருக்கிறது. சிலிகான் ட்யூப் ஒரு சாண், வேலை முடிந்தது.

அன்றிலிருந்து என் வரிசை இப்படி: முதலில் பிளக், இரண்டாவது ட்யூப், மூன்றாவது டேங்க் குலுங்கி நுரைக்கிறதா, கடைசியில்தான் நீடில். பேட்டரியை எடுத்ததும் நிற்கிறதா? பிளக் போயிருக்கலாம், அல்லது ரிச். புது பிளக் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி வந்தது. காமலாபுரம் விமான நிலையத்துப் பக்கம் மைதானம் காலியாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். பறந்து முடித்தபின் டேங்கில் மிச்சத்தை விடலாமா என்று இன்னொருவர். கூடாது. மெத்தனால் ஈரத்தை இழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். டேங்கைக் காலி செய்து, உள்ளே இருப்பது எரிந்து நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டரில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் பத்து சுற்று சுற்றி வையுங்கள்.