சின்னக் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் ஆயத்தம்: புல்லால் நிறையும் தீவனத்தொட்டி

டிசம்பர் பிறந்ததும் குன்னூர் கடைவீதியில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. கேக், புத்தாடை, பரிசு என்று வீடு பரபரக்கும்போது, இது யாருடைய பிறந்தநாள் என்பதே நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியாமல் போய்விடுகிறது. புதிதாகத் தொடங்கும் பெற்றோர் ஒரே ஆண்டில் பல வழக்கங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். பிறந்த இயேசுவைக் கிடத்திய தீவனத்தொட்டியின் நினைவாக, காலியான ஒரு தொட்டியைக் குழந்தைகளே சிறிது சிறிதாகப் புல்லிட்டு நிரப்பும் இந்த ஒன்று போதும்.

முதல் படி: புல் சேர்த்தல்

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அதற்கு இரண்டு வாரம் முன்பே புல்லை அறுத்துவிட வேண்டும், ஏனெனில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்த இந்த நாட்களில் நம் மலையில் எதுவும் எளிதில் காய்வதில்லை. முதல் ஆண்டு ஈரப்புல்லை அப்படியே டப்பாவில் அடைத்துவைத்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. இப்போது செய்தித்தாளில் பரப்பி அடுப்படிச் சூட்டில் காயவைக்கிறேன். கையில் எடுத்தால் சலசலக்க வேண்டும், அதுவே பதம். இயேசு பிறப்புக் காட்சியை உருவங்களால் அமைக்கும் குடிலின் பசுமைக்காகச் சோலைக்காட்டுப் பாசியை உரித்துவர வேண்டாம். தட்டில் மண்ணிட்டுக் கடுகு விதைத்தால் போதும்; குளிரில் முளைக்கச் சற்று நாளாகும் என்பதால் அதையும் முன்னதாகவே விதையுங்கள்.

இரண்டாம் படி: நாள்தோறும் புல்

சிறிய அட்டைப்பெட்டியைத் தீவனத்தொட்டியாக வையுங்கள். இரவு செபத்தின்போது குழந்தை தான் செய்த நன்மைக்கு ஒரு புல்லும், பிறர் தனக்குச் செய்த நன்மைக்கு ஒரு புல்லும் இடட்டும். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்; அது இல்லாவிட்டால் இந்தப் பழக்கம் பெருமையடித்துக்கொள்வதில் முடிந்துவிடும். "குறும்பு செய்தால் புல்லை எடுத்துவிடுவேன்" என்று ஒருபோதும் மிரட்டாதீர்கள். நம் நல்ல நடத்தைக்குக் கூலியாக இயேசு பிறக்கவில்லை என்பதைக் குழந்தை நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது.

மூன்றாம் படி: மெழுகுவர்த்தியும் வாசகமும்

காற்றில் முறிந்து விழுந்த சைப்ரஸ் கிளைகளை வட்டமாகக் கட்டி, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற நான்கு மெழுகுவர்த்திகளை நிறுத்துங்கள்: மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஜா நிறம். தீக்குச்சி பெரியவர் கையிலேயே இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு சிறு பகுதியாக விவிலியத்தின் நற்செய்தி நூல்களிலிருந்து லூக்கா 1:26-38, பின் 1:39-45, அதன்பின் மத்தேயு 1:18-24, கடைசியாக லூக்கா 2:1-5 வாசியுங்கள்.

இவற்றுள் இரண்டாம் வாரமே எனக்கு மிகவும் நெருக்கமானது. இயேசுவின் தாய் மரியா தம் உறவினர் எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்றார் என்கிறது நற்செய்தி. மேடேறி மூச்சு வாங்குவது என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த வாரமே குழந்தையை அழைத்துக்கொண்டு, மேட்டில் தனியாக வசிக்கும் ஒரு பாட்டியின் லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) நடந்து செல்லுங்கள். வர்க்கி என்னும் மொறுமொறுப்பான தின்பண்டப் பொட்டலத்தைக் குழந்தையே சுமந்துவரட்டும். எங்கள் மகள் பாதி வழியில் நின்று, "மரியம்மாவுக்கும் இப்படிக் கால் வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள். மீதி ஏற்றம் முழுவதும் நாங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தோம்.

நான்காம் படி: பிறப்பு இரவு

குழந்தை இயேசுவின் சுரூபத்தை அதுவரை வெளியே எடுக்கக் கூடாது. 24-ஆம் தேதி இரவு லூக்கா 2:6-20-ஐ வாசித்து, வீட்டின் கடைக்குட்டியின் கையால் அதைப் புல்மேல் கிடத்தச் செய்யுங்கள். பரிசுப் பொட்டலங்களைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான்.

ஐந்தாம் படி: ஞானிகளின் பயணம்

குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளின் உருவங்களை அன்றே குடிலில் வைத்துவிடாமல், வீட்டின் தொலைவான சன்னலிலிருந்து நாள்தோறும் சற்று நகர்த்தி, ஜனவரி 6 அன்று குடிலுக்குக் கொண்டுவந்து சேருங்கள். அதன்பின் குடிலைக் கலைக்கும்போது, தொட்டியில் சேர்ந்த புல்லைப் பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.