காடுகளைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பகுதியில் ஒருவர் "காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று கிளம்பினால், சோளமோ நிலக்கடலையோ விதைத்திருக்கும் தம் மானாவாரி நிலத்துக்குத்தான் போகிறார் என்று வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். அதே ஊர்ச் சுவரில் "காடுகளைக் காப்போம்" என்று எழுதுபவர், அந்தச் சொல் படிப்பவரின் மனத்தில் எந்த நிலத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வனத்துறையின் காப்புக்காடு, செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரியும் பரப்பு, பழங்குடியினர் தேனெடுக்கப் போகும் மலை, தனியார் நட்டு வளர்க்கும் தைலமரத் தோட்டம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு விளக்கத் தொடங்குவதே, இத்துறை சார்ந்த பொதுத் தகவல்களில் அடிக்கடி காணப்படும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பல இதிலிருந்து கிளைத்தவைதாம்.

எண்களைக் கையாளும் விதத்தில் இது நன்றாகத் தெரியும். டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 10 விழுக்காட்டுக்குக் குறையாத மரக்கவிகை (மேலிருந்து பார்க்கும்போது நிலத்தை மூடியிருக்கும் இலைக்கூரை) அடர்த்தியும் கொண்ட நிலம், யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், எந்த மரம் நின்றாலும், வனப்பரப்பாகவே கணக்கிடப்படுகிறது. எனவே மாந்தோப்பும் தென்னந்தோப்பும் அந்தக் கணக்கில் சேரக்கூடும். 2023-ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது நிலப்பரப்பில் 21.76 விழுக்காடு, வனப்பரப்புக்கு வெளியே உள்ள மரங்களின் பரப்பையும் சேர்த்தால் 25.17 விழுக்காடு. ஓர் ஆண்டில் வனப்பரப்பை மட்டும் காட்டும் எண்ணையும் அடுத்த முறை மரங்களையும் சேர்த்த எண்ணையும் எடுத்து வைத்து "காடு பெருகியது" என்று எழுதினால், கூட்டல் கழித்தல் சரியாக இருந்தாலும் செய்தி பொய்யாகிவிடும். 2022-இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் இலக்காகக் கொண்ட 33 விழுக்காடு என்பதும் வனத்தையும் மரங்களையும் சேர்த்த அளவுதான். மாநிலத்தின் மூன்றில் ஒரு பங்கு காப்புக்காடாகப் போகிறது என்று அதற்குப் பொருளில்லை. எது கணக்கிடப்பட்டது என்பதை எண் வரும் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். அடிக்குறிப்பை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பலர் தவறவிடுகிறார்கள். நீலகிரியின் மேல்மலைகளில் பள்ளங்களில் சோலை என்னும் அடர்ந்த குட்டை மரக்காடும் மேடுகளில் புல்வெளியுமாக அமைந்திருந்த நிலத்தில், ஆங்கிலேயர் காலம் தொடங்கிச் சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் பெருமளவில் நடப்பட்டன. மரமில்லாத இடம் வெற்றிடம் என்ற எண்ணமே அதற்கு ஒரு காரணம். மாநில விலங்கான வரையாட்டுக்கு அந்தப் புல்வெளிதான் மேய்ச்சல் நிலம் என்றாலும், மரக்கவிகையை அளக்கும் முறையில் புல்வெளி வனப்பரப்பாகத் தெரியாது. அதை விழுங்கிய அயல்மரத் தோட்டம் தெரியும். மரக்கன்று நடும் படத்தையே காட்டுப் பாதுகாப்பின் ஒரே அடையாளமாகத் திரும்பத் திரும்ப வெளியிடுவதில் உள்ள கோளாறு இதுதான்.

மிகைப்படுத்தல் அடுத்த தவறு. உலகின் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை அமேசான் காடு தருகிறது என்ற கூற்று 2019-இல் அங்கு தீப்பற்றியபோது உலகெங்கும் பரவியது. அந்தக் காடு உண்டாக்கும் ஆக்சிஜனை ஏறத்தாழ முழுவதுமாக அதன் உயிர்களும் அங்கு மட்கும் பொருள்களுமே செலவழித்துவிடுகின்றன என்று அறிவியலாளர்கள் விளக்க வேண்டியதாயிற்று. காட்டைக் காக்க உண்மையான காரணங்கள் எத்தனையோ இருக்கும்போது, பிழையான ஒன்றை முன்னே நிறுத்துவானேன்?

நம் ஊரில் இதே கதை சீமைக் கருவேலத்துக்கு நேர்ந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஆக்சிஜனே தராது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றின. பச்சை இலை உள்ள எந்தத் தாவரமும் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளிவிடும் என்பது பள்ளிப் பாடம். அயல்நாட்டிலிருந்து வந்த அந்த மரம் கண்மாய்களை அடைப்பதும், கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளிக்குள் ஊடுருவுவதுமே அதை அகற்றப் போதிய காரணங்கள். மறுபுறம், இராமநாதபுரம் வட்டாரத்தில் அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு என்பதையும் சொல்லாமல் விட்டால் அது அரைகுறைத் தகவல்தான்.

காட்டுத்தீச் செய்திகளிலும் எதை எண்ணுகிறோம் என்ற குழப்பம் வருகிறது. செயற்கைக்கோள் காட்டும் தீப்புள்ளிகளின் எண்ணிக்கை, தீ விபத்துகளின் எண்ணிக்கையும் அன்று, எரிந்த பரப்பும் அன்று. ஒரே பெருந்தீ பல புள்ளிகளாகப் பதிவாகலாம். மரங்களின் அடியில் தரையோடு எரியும் சிறு தீ பதிவாகாமலே போகலாம்.

வனப்பொருட்களுக்கு வந்தால், மரத்தைத் தொடுவதே பாவம் என்ற தொனி நிலவுகிறது. தாளை அச்சிடும் முன் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சலின் அடியில் எழுதுபவருக்கு, 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு அமைக்கப்பட்டது என்பதோ, காகிதக்கூழுக்கான சவுக்கும் தைலமரமும் உழவர்களின் நிலத்திலிருந்தும் வருகின்றன என்பதோ தெரிந்திருப்பதில்லை. காகிதத்தை வீணாக்கலாம் என்பது இதன் பொருளன்று. காப்புக்காட்டில் திருட்டுத்தனமாகச் சாய்த்த மரத்தையும், பட்டா நிலத்தில் வளர்த்து வெட்டிய சவுக்கையும் ஒரே குற்றமாகக் காட்டினால், மரம் வளர்க்கும் உழவருக்கு நாம் சொல்ல ஒன்றும் இருக்காது.

சட்டத்தைச் சுருக்கிச் சொல்வது இதைவிட ஆபத்தானது. 2017-இல் இந்திய வனச் சட்டத்தின் மரம் என்ற வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டபோது, அந்தத் தளர்வு வனத்துக்கு வெளியே வளரும் மூங்கிலை நோக்கியது. தமிழ்நாட்டிலோ 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் தனியே நடைமுறையில் இருப்பதால், அந்தத் திருத்தம் இங்கு அப்படியே பொருந்திவிடாது. வனத்துக்குள் கிடைக்கும் மூங்கிலும் தேனும் சிறு வன மகசூல் என்ற வகையில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றைச் சேகரிக்கும் உரிமை, மரபாக அங்கு வாழ்ந்துவரும் மக்களுக்கு உரியது. "மூங்கில் இனி மரமல்ல" என்ற ஒற்றை வரியை நம்பி மலையில் மூங்கில் வெட்டியவர் மாட்டிக்கொண்டால், அந்த வரியை எழுதியவரா வந்து மீட்பார்?

முதுமலையில் நடந்துவரும் ஒரு பணியைப் பார்த்தால், இத்தவறுகள் எங்கே ஒன்றுகூடும் என்பது விளங்கும். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மரம் அங்கு வேகமாகப் பரவியதால், அதை வெட்டி அகற்றிக் காகிதக்கூழுக்கு அனுப்புகிறார்கள். மஞ்சள் கொன்றை என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டதால், சிவனுக்கு உரிய நம் சரக்கொன்றையையே வெட்டுகிறார்கள் என்று ஒருவர் நினைக்க இடமுண்டு. சரக்கொன்றையின் பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கும், மற்றதன் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் என்ற இரண்டே வரிகளைப் படத்தோடு சாலையோரப் பலகையில் எழுதி, வெட்டுவதன் காரணத்தையும் அதன்கீழ் சேர்த்து, முதல் மரம் சாயும் முன்பே அந்தப் பலகையை நட்டுவிட வேண்டும். லாரியில் கட்டை ஏறிய பிறகு தரும் விளக்கம் சமாதானம் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.