பழைய மண்தட ரேஸ் கார்: ஓட்டவும் காட்சிக்கு வைக்கவும் ஆசைப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நாக்ஸ்வில் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே அரை மைல் மண் தடத்தில் 1961 முதல் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் பந்தயம் நடந்துவருகிறது. தடத்தின் பக்கத்திலேயே, மண் தடத்தில் ஓடும் ஸ்பிரிண்ட் கார் என்ற ரேஸ் கார்களுக்கென்று ஓர் அருங்காட்சியகத்தை 1992இல் திறந்தார்கள். மண் தடத்தில் ஓடிய பழைய கார்களை அந்த நாட்டுக்காரர்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்கு அந்த ஊரே சாட்சி. இப்படி ஒரு காரை வாங்கி வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆசைகள். மக்கள் பார்க்கும்படி அது பளபளவென்று நிற்க வேண்டும். வருடத்தில் சில நாளாவது அதே மண்ணில் முழங்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டுமே நியாயமான ஆசைதான். ஆனால் ஓடுவதற்குத் தேவையான பல விஷயங்கள், நிற்கும்போது காரை அரித்துவிடும். பெரும்பாலான சேதம் நடப்பது இன்ஜினை அணைத்த பிறகுதான்.

உதாரணத்துக்கு 1940களின் இறுதியில் வந்த ஒரு கர்டிஸ் கிராஃப்ட் மிட்ஜெட் (சின்ன ரக ரேஸ் கார்) காரை எடுத்துக்கொள்வோம். உள்ளே நான்கு சிலிண்டர் ஆஃபன்ஹவுசர் இன்ஜின். கொள்ளளவு சுமார் 1.6 லிட்டர்தான். இதே குடும்பத்தின் பெரிய இன்ஜின்கள்தான் 1947 முதல் 1964 வரை இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை ஒரு வருடம்கூட விடாமல் வென்றன. இந்தக் கார்களுக்கு செல்ஃப் கிடையாது, கிளட்ச் கிடையாது, ரேடியேட்டருக்கு விசிறியும் கிடையாது. ஒரு ராத்திரி ஓடிவிட்டு, மறுநாள் மெக்கானிக் கையில் பிரிந்து கிடக்க வேண்டிய வண்டி இது. மாதக்கணக்கில் சும்மா நிற்க வேண்டும் என்று யாரும் யோசித்துச் செய்ததில்லை.

முதல் தவறு, மிக மோசமான தவறு, மெத்தனாலை உள்ளேயே விட்டுவிடுவது. இந்த வகை ரேஸ் கார்கள் பலவற்றில் எரிபொருள் மெத்தனால் என்ற ஆல்கஹால். இன்ஜினைக் குளிர்ச்சியாக வைக்கும், அதிக கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை) தாங்கும், பந்தயத்துக்கு அருமையானது. ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்த மெத்தனால் அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் தின்றுவிடும். டேங்க், பம்ப், எரிபொருளைப் பீய்ச்சும் ஹில்போர்ன் இன்ஜெக்ஷனின் நாசில்கள் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி படியும். ஒரே ஒரு நாசில் பாதி அடைத்தாலும் போதும். அந்த சிலிண்டருக்கு எரிபொருள் குறைந்து, அடுத்த ஓட்டத்தில் பிஸ்டன் உருகும். ஓட்டம் முடிந்த அன்றே டேங்கைக் காலி செய்யுங்கள், குழாய்களைக் கழற்றி ஊதிவிடுங்கள், பம்புக்குள்ளும் நாசில்களுக்குள்ளும் அதற்கான எண்ணெயைச் செலுத்துங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள்.

மெத்தனால் பிடிக்கவில்லை என்று அப்படியே பெட்ரோலுக்கு மாறுவதும் ஆபத்துதான். ஒரே அளவு காற்றுக்கு மெத்தனால் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தேவைப்படும். அதற்கேற்ற ஜெட்களோடு (எரிபொருள் அளவை முடிவு செய்யும் துளைகள்) பெட்ரோலை ஊற்றினால், எரிபொருள் மிகுந்து இன்ஜின் மூச்சுத் திணறும். ஜெட்டை மாற்றினாலும், மெத்தனாலுக்காக ஏற்றிய கம்ப்ரஷனில் பெட்ரோல் நாக்கிங் தரும், அதாவது கட்டுப்பாடில்லாமல் வெடித்து இன்ஜினைத் தட்டும். பிஸ்டனையும் மாற்றினால்தான் அது சரியான மாற்றம். இன்னொன்று: பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீயின் சுவாலை கண்ணுக்கே தெரியாது. காட்சி அரங்குக்குள் நிற்கும் காரின் டேங்கில் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது.

அடுத்த தவறு பாசத்தால் வருவது. "சும்மா நின்றால் இன்ஜின் இறுகி சீஸ் ஆகிவிடும்" என்று வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிடுவார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் ஆயில் சூடேறாது. எரியாத மெத்தனால் பிஸ்டனைத் தாண்டி ஆயிலில் கலக்கும், கூடவே ஈரமும் சேரும். ஆயில் பால்போல வெளுத்துப்போகும். அந்த ஆயிலில் பேரிங்குகள் ஊறிக்கொண்டிருக்கும். சரி, சூடேறும்வரை நின்ற இடத்திலேயே ஓடவிடலாமா என்றால், விசிறி இல்லாத ரேடியேட்டர் நீண்ட நேரம் தாங்காது. ஓட்டுவதானால் தடத்தில் நன்றாக ஓட்டி, அதன் பிறகு ஆயிலை மாற்றுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டே பண்ண வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கியரில் போட்டுக் காரை மெதுவாகத் தள்ளினாலே இன்ஜின் சுற்றும். ஒவ்வொரு முறையும் வேறு நிலையில் நிறுத்தினால், ஒரே வால்வு ஸ்பிரிங்குகள் அழுந்தியபடியே கிடக்காது.

தள்ளி ஸ்டார்ட் பண்ணும்போது அவசரப்படுபவர்கள் உண்டு. பின்னாலிருந்து வேறொரு வண்டி தள்ள ஆரம்பித்ததுமே, பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். முதலில் ஆயில் பிரஷர் முள் ஏற வேண்டும். அதற்கு அப்புறம்தான் சுவிட்ச். மேக்னெட்டோவைப் பற்றி இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அதற்கு பேட்டரி வேண்டாம். சுவிட்சை ஆஃப் செய்தால் அது எர்த் ஆகிறது, அவ்வளவுதான். ஆகவே சுவிட்சுக்குப் போகும் கம்பியைப் பிடுங்கிவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கம்பி கழன்ற மேக்னெட்டோ எப்போதும் ஆனில் இருக்கிறது. கையால் சுற்றினாலும் பொறி வரும், கியரில் இருந்தால் கார் பாயும். ஆட்கள் சுற்றி நிற்கும் இடத்தில் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டார்ட் பண்ணிக் காட்டும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

தண்ணீர். மண் தடங்கள் நிறைந்த இண்டியானா, அயோவா, ஒஹாயோ பக்கமெல்லாம் குளிர்காலத்தில் தண்ணீர் உறையும். ரேஸ் கார்களில் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் இருக்கும், ஏனென்றால் உறையாத திரவம் தடத்தில் சிந்தினால் வழுக்கும். ஆஃபன்ஹவுசரில் சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. அவற்றுக்கு இடையே வைக்கும் கேஸ்கட் ஊதும் தொல்லையே கிடையாது. அதே காரணத்தால், உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். சூடுள்ள அரங்கில்தானே நிற்கிறது என்று நம்பித் தண்ணீரை இறக்காமல் விட்டுவிடாதீர்கள். டிரெய்லரில் ஓர் இரவு போதும்.

அழகுபடுத்தும் ஆர்வத்தில் வரும் ஆபத்து வெளியே தெரியாது. முன் ஆக்சில், ஸ்டியரிங் கைகள் எல்லாவற்றுக்கும் குரோம் முலாம் பூசச் சொல்வார்கள். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, வலுவான எஃகையே சட்டென்று முறியும்படி ஆக்கிவிடும். பூசி முடித்த சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கினால்தான் அது வெளியேறும். இதைச் செய்து தருகிற பட்டறையா என்று கேட்காமல் பாகங்களைக் கொடுக்காதீர்கள். பூசுவதற்கு முன்பே காந்தத் துகள் சோதனையில் விரிசல் பார்த்துவிட வேண்டும். ஹாலிபிராண்ட் நிறுவனத்தின் மெக்னீசியம் சக்கரங்களைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பழையவை காட்சிக்கு, புதியவை ஓட்டத்துக்கு. டயரும் அப்படியே. அந்தக் காலத்து டயர் பார்க்க அழகாக இருக்கட்டும், வேகத்தில் அதை நம்பி யாரையும் உட்கார வைக்க வேண்டாம். காட்சியில் நிற்கும்போது பாரத்தை ஸ்டாண்டுகள் தாங்கட்டும்.

கடைசி பந்தயத்து மண்ணை ஞாபகமாக அப்படியே விட்டுவைக்கும் ஆசையும் சிலருக்கு உண்டு. களிமண் ஈரத்தைப் பிடித்துவைத்துக் காரின் எலும்புக்கூடான சட்டத்தின் மூலைகளில் துரு ஏற்றும். படம் எடுத்துக்கொண்டு கழுவிவிடுங்கள். கழுவிய கையோடு பழைய பெயிண்டைச் சுரண்டப் போகாதீர்கள். கையால் எழுதிய எண்ணும் தங்க ரேக்கும் போனால் திரும்பாது. சட்டங்கள் வெட்டி ஒட்டப்பட்டு, எண்கள் மாறி, கை மாறி வந்த கார்கள் இவை. பெயிண்டுக்கு அடியில் இருக்கும் பழைய எண்தான் பல கார்களுக்கு ஒரே அடையாளச் சான்று. பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதும் வேண்டாம், உள்ளே ஈரம் அடைபடும். காற்றோடும் துணி உறை போதும். ஜன்னல் வெயில் படும் இடத்தையும் தவிருங்கள்.

ஓட்டுபவர் ஒருவர், அரங்கைப் பார்த்துக்கொள்பவர் இன்னொருவர் என்று இருக்கும் இடங்களில் ஸ்டியரிங்கில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். டேங்க் காலியா, தண்ணீர் இறக்கியாயிற்றா, ஆயில் எந்தத் தேதியில் மாற்றியது, மாட்டியிருப்பது காட்சி டயரா ஓட்ட டயரா, மேக்னெட்டோ கம்பி இணைப்பில் இருக்கிறதா என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அட்டை இல்லாத காரை யாரும் தள்ளக் கூடாது.