நான்காம் பாரில் ஓர் ஏற்றம்: ப்ளூஸ் கிட்டாரில் டிமினிஷ்ட் ஸ்கேலின் டிரையட்கள்

ப்ளூஸ் வாசிக்கத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆனவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேல் விரலுக்குப் பழகிவிட்டது, கம்பியை வளைக்கும் பென்டும் ஸ்வரத்தை அசைக்கும் வைப்ராட்டோவும் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனாலும் ஒரு ப்ளூஸ் சுற்றின் பன்னிரண்டு பார்களில் (நான்கு தட்டுகள் கொண்ட தாளப் பகுதிகளில்) எந்தப் பாரைக் கேட்டாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. குன்னூரில் என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு இந்த நிலையில் நான் புதிய ஸ்கேல் எதையும் முழுதாகக் கொடுப்பதில்லை. டிமினிஷ்ட் ஸ்கேலுக்குள் இருக்கும் நான்கு மேஜர் டிரையட்களை (மூன்று ஸ்வரக் கார்டுகளை) மட்டும் கொடுத்து, அவற்றை நான்காம் பாரில் மட்டும் வாசிக்கச் சொல்கிறேன்.

ஏ ப்ளூஸை எடுத்துக்கொள்வோம். நான்காம் பாரில் ஒலிக்கும் ஏ செவன்த் கார்டுக்குப் பொருந்தும் டிமினிஷ்ட் ஸ்கேல், அரை ஸ்வரமும் முழு ஸ்வரமும் மாறி மாறி வரும் எட்டு ஸ்வரங்களால் ஆனது: ஏ, பி ஃப்ளாட், சி, சி ஷார்ப், ஈ ஃப்ளாட், ஈ, எஃப் ஷார்ப், ஜி. கர்நாடக இசை பழகியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். 52ஆவது மேளமான ராமப்பிரியாவின் ஸ்வரங்களோடு சாதாரண காந்தாரத்தையும் சேர்த்தால் இந்த ஸ்கேல் கிடைத்துவிடும். ஒரு மேளத்தில் இரண்டு காந்தாரங்களுக்கு இடமில்லை என்பதால் இது மேளகர்த்தா ஆகாது; ஆனால் ப்ளூஸின் உயிரே அந்த இரண்டு காந்தாரங்களுக்கு இடையிலான இழுபறியில்தான் இருக்கிறது.

இந்த ஸ்கேல் ப்ளூஸில் அந்நியமாக ஒலிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமக்குப் பழகிய ப்ளூஸ் ஸ்கேலின் ஆறு ஸ்வரங்களில் ஏ, சி, ஈ ஃப்ளாட், ஈ, ஜி ஆகிய ஐந்தும் இதில் அப்படியே இருக்கின்றன. இல்லாதது டி ஒன்றுதான். ஐந்தாம் பாரில் கார்டு டி செவன்த்துக்கு மாறுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்: நான்காம் பார் முழுவதும் தொடாமல் வைத்திருந்த ஸ்வரம், கார்டு மாறும் அந்தக் கணத்தில் முதன்முறையாகக் கேட்கிறது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ராபன் ஃபோர்டின் ப்ளூஸ் வாசிப்பில் இந்த ஸ்கேலின் நிறத்தைக் கேட்கலாம்.

இனி டிரையட்கள். மேற்சொன்ன எட்டு ஸ்வரங்களுக்குள் ஏ, சி, ஈ ஃப்ளாட், எஃப் ஷார்ப் ஆகிய நான்கு மேஜர் டிரையட்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக மூன்று ஃபிரெட் (கிட்டார் கழுத்தின் கட்டங்கள்). மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் நம் மலை ரயில், கல்லாறைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குன்னூர் வரை ஏறுகிறது. பற்களின் இடைவெளி மாறாததால் சக்கரம் எந்தப் பல்லிலும் ஒரே மாதிரி பொருந்துகிறது. இந்த ஸ்கேலும் அப்படித்தான், ஒரே விரல் அமைப்பை மூன்று மூன்று ஃபிரெட்டாக நகர்த்தினால் போதும்.

அந்த விரல் அமைப்பு இது: நான்காம் கம்பியில் 7ஆம் ஃபிரெட்டில் மோதிர விரல், மூன்றாம் கம்பியில் 6ஆம் ஃபிரெட்டில் நடுவிரல், இரண்டாம் கம்பியில் 5ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல். இது ஏ மேஜர். இதையே 4-3-2 ஃபிரெட்டுகளுக்குக் கீழே கொண்டுசென்றால் எஃப் ஷார்ப், 10-9-8க்கு ஏற்றினால் சி, 13-12-11க்கு ஏற்றினால் ஈ ஃப்ளாட். ஷஃபிள் தாளத்தில் ஒரு தட்டுக்கு மூன்று பிரிவுகள், நம் வழக்கில் சொன்னால் திஸ்ர நடை. ஒரு டிரையட்டுக்கும் மூன்று ஸ்வரங்கள். எனவே நான்காம் பாரின் நான்கு தட்டுகளில் எஃப் ஷார்ப், ஏ, சி, ஈ ஃப்ளாட் என நான்கு டிரையட்களும் கூடாமல் குறையாமல் அடங்கிவிடுகின்றன. முதலில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, காலால் தாளம் தட்டிக்கொண்டு நான்கு முறை ‘தகிட’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு விரல் தானாக வரும்.

ஐந்தாம் பாரின் முதல் தட்டில் செய்ய வேண்டியது மிகச் சிறியது, ஆனால் எல்லாம் அதற்காகத்தான். ஈ ஃப்ளாட் டிரையட்டை ஒரே ஒரு ஃபிரெட் கீழே, 12-11-10க்கு இறக்குங்கள். ஈ ஃப்ளாட் டியாகவும், ஜி எஃப் ஷார்ப்பாகவும், பி ஃப்ளாட் ஏயாகவும் ஒருசேர அமர்கின்றன. அதுவே டி மேஜர். மூன்று ஸ்வரங்களையும் வாசிக்காமல் எஃப் ஷார்ப்பை மட்டும் நீட்டி லேசான வைப்ராட்டோவுடன் நிறுத்துவது எனக்குப் பிடித்த முடிப்பு.

பன்னிரண்டாம் பாரின் ஈ செவன்த்துக்கும் இதே வழிதான். அங்கே டிரையட்கள் ஈ, ஜி, பி ஃப்ளாட், சி ஷார்ப். முதல் தட்டை வெறுமையாக விட்டு, அடுத்த மூன்று தட்டுகளில் ஈ (2-1-திறந்த கம்பி), ஜி (5-4-3), பி ஃப்ளாட் (8-7-6) என்று ஏறி, அடுத்த சுற்றின் தொடக்கத்தில் ஒரு ஃபிரெட் இறங்கினால் ஏ மேஜரில் நிற்பீர்கள். ஆறாம் பாரில் டி செவன்த்தின் மேல் ஏ ஃப்ளாட் டிரையட்டை (6-5-4) வாசித்து, ஏழாம் பாருக்கு ஒரு ஃபிரெட் மேலேறுவதும் நன்றாக இருக்கும்; ஆனால் ஒரே சுற்றில் இந்த மூன்றையும் வைத்தால் ப்ளூஸ் போய்ப் பயிற்சிப் பாடம் ஆகிவிடும்.

சில எச்சரிக்கைகள். பின்னணி மைனர் ப்ளூஸாக இருந்தால் இதைத் தொடாதீர்கள், ஏ டிரையட்டில் உள்ள சி ஷார்ப் ஏ மைனரோடு மோதும். ஒரு ஸ்வரம் முடிந்ததும் விரலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், இல்லையெனில் மூன்று கம்பிகளும் சேர்ந்து ஒலித்து, தனியிசை வாசிப்பதுபோல் இல்லாமல் கார்டு பிடிப்பதுபோல் கேட்கும். நகரும்போது விரல்கள் கம்பியை விட்டு முழுதாக எழவும் கூடாது. மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் நம் ஊரில் எஃகுக் கம்பிகள் விரைவில் துருவேறிச் சொரசொரப்பாகி இந்த நகர்த்தலைக் கெடுக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவையுங்கள்.

பன்னிரண்டு பார்களையும் நீங்களே ரிதமாக வாசித்துக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, நிமிடத்துக்கு 60 தட்டுகள் என்ற வேகத்தில் ஒரு வாரம் பழகுங்கள். முதல் மூன்று பார்களில் பழைய பென்டடானிக்கையே, அதுவும் இடைவெளி விட்டு வாசியுங்கள். நான்கு டிரையட்களும் பிசிறின்றி வந்த பிறகு முதல் மூன்றையும் எடுத்துவிட்டு, நான்காம் பாரின் கடைசித் தட்டில் ஈ ஃப்ளாட் டிரையட்டை மட்டும் வைத்து டிக்கு இறங்கிப் பாருங்கள். நான் இப்போதெல்லாம் பெரும்பாலும் அவ்வளவுதான் வாசிக்கிறேன்.