முகமூடி மல்லனை வைத்து ஒரு கொலைப் படம்: போனிலேயே எடுப்பது எப்படி?

ட்ரம்ப் கார்டில் மல்யுத்த வீரர்களின் எடையையும் உயரத்தையும் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாங்கள். திருவையாறு பக்கம் நாலு பேர் சேர்ந்து பேய்ப்படம் எடுக்க உட்கார்ந்தபோது, கொலைகாரன் யார் என்ற பேச்சே எழவில்லை; முகமூடி போட்ட மல்லன்தான்.

படி 1: முகமூடி

காசு வேண்டாம். 1978இல் வந்த ஹாலோவீன் படத்துக் கொலைகாரனின் முகம், கடையில் வாங்கிய, ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளையடித்ததுதான். நாங்கள் பழைய லெக்கின்ஸை டெய்லரிடம் கொடுத்தோம். பின்னால் ஷூ லேஸ் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். கண் ஓட்டைக்குள் கறுப்பு வலைத்துணி வையுங்கள். கண் தெரிந்தால் ஆள் பாவமாகிவிடுகிறான். மூக்கருகே பெரிதாக ஓட்டை விடுங்கள். வியர்வையில் துணி நனைந்தால் மூச்சு முட்டும், ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் கழற்றச் சொல்லுங்கள்.

ஆனால் கதைக்குள் கழற்றவே கூடாது. மெக்சிகோவின் முகமூடி மல்யுத்த வீரர் எல் சாந்தோ 1984இல் இறந்தபோது அவருடைய வெள்ளி நிற முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடிக்குப் பூஜையே நடக்கிறது. முகமூடிக்குப் பின்னால் யார் என்று கடைசியில் காட்டுகிற படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டுச் சித்தப்பா என்று தெரிந்தபின் என்ன பயம்?

படி 2: இடம்

வாழைக்கொல்லையை விட்டால் வேறு இடமில்லை. கிழிந்த இலைகள் காற்றில் ஆட, இரண்டு வரிசை தள்ளி நிற்கிற ஆறடி ஆள் தெரியவே மாட்டான். பாம்பு இருக்கும், டார்ச் அடித்துவிட்டு இறங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை. விடியற்காலை பால் கறக்க வந்த பெரியவர் மல்லனைப் பார்த்து அலறி, தெருவே கம்போடு வந்துவிட்டது. "ஏன்டா தம்பி, உங்களுக்கெல்லாம் வேலைவெட்டி கிடையாதா?" என்பதோடு விட்டார்கள்.

படி 3: ரத்தம்

முதலில் ஆரத்தி கரைத்துப் பார்த்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்புதான், ஆனால் தண்ணீராக ஓடுகிறது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து வேறு. சர்க்கரைப் பாகில் சிவப்பு ஃபுட் கலர், கொஞ்சம் மைதா, அரை ஸ்பூன் காபி டிகாக்‌ஷன். டிகாக்‌ஷன்தான் ரகசியம்; அது இல்லாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். செத்துக் கிடக்கிற நடிகரைச் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், எறும்பு வந்துவிடும்.

படி 4: அரிவாள்

அட்டையில் வெட்டி அலுமினியத் தாள் ஒட்டுங்கள். நிஜ அரிவாள் படப்பிடிப்புப் பக்கமே வரக்கூடாது.

படி 5: கேமரா

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். போன் கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் வைத்தால் பல்பு வெளிச்சம் துடிக்காது. ஒரே ஒரு எல்இடி பல்பை மல்லனுக்குப் பின்னால் கட்டுங்கள், தோள் மட்டும் தெரிந்தால் போதும்.

படி 6: சத்தம்

எலும்பு முறிய முருங்கைக்காய். கத்தி இறங்க வாழைத்தண்டு. ராத்திரி வயலில் தவளைச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து படம் முழுக்க ஓடவிடுங்கள். மல்லன் வரும் இடத்தில் மட்டும் சட்டென்று நிறுத்துங்கள். வரப்பில் யாராவது நடந்தால் தவளைகள் அடங்கிவிடும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வினாடி அப்படியே விட்டு, அப்புறம் ஆளைக் காட்டுங்கள்.