கல்லூரியில் இயக்கவியலைப் படிப்பது எப்படி: தோட்டப்புற மாணவர்களுக்கு

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரிலிருந்து கோப்பெங்கில் உள்ள பேரா மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கோ உள்ளூர்ப் பள்ளியின் ஆறாம் படிவத்துக்கோ செல்லும் நம் பிள்ளைகள் இயற்பியலில் முதலில் எதிர்கொள்வது, விசைகளையும் அவற்றால் பொருள்கள் இயங்குவதையும் ஆராயும் இயக்கவியல்தான். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். பாடத்திட்டத்திலும் அது முதல் பருவத்திலேயே, வெப்ப இயக்கவியலோடு சேர்ந்து வருகிறது. இதில் தடுமாறும் பலருக்குக் குறை அறிவில் இல்லை. சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் பொருளின்மீது செயல்படும் விசைகளை வரைந்து பார்க்கும் பழக்கம் இல்லாததே குறை என்பது என் உறுதியான கருத்து.

வகுப்புகள் தொடங்குவதற்கு முன் கணிதத்தைச் சீர்செய்து கொள்ளுங்கள். சைன், கொசைன் ஆகியவற்றைக் கொண்டு அளவும் திசையும் உள்ள ஒரு வெக்டரை இரு கூறுகளாகப் பிரிப்பதும், இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பதும், வரைபடத்தின் சாய்வைக் கண்டறிவதும் தயக்கமின்றி வர வேண்டும். தேசிய மொழியில் அறிவியல் படித்தவர்கள் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருப்பதால், கேள்வியைப் படித்ததும் அதைத் தமிழிலேயே தமக்குள் சொல்லிப் பார்ப்பது நல்லது. எது தரப்பட்டுள்ளது, எது கேட்கப்படுகிறது என்பது அப்போது தெளிவாகிவிடும்.

இனி விசைப்படத்துக்கு வருவோம். 20 கிலோகிராம் நிறையுள்ள ஒரு செம்பனைக் குலை, லோரியின் பின்புறம் 30 பாகைச் சாய்வில் வைத்த பலகையின்மீது இருப்பதாகக் கொள்வோம். லோரியையும் பலகையையும் விட்டுவிட்டுக் குலையை மட்டும் ஒரு புள்ளியாக வரையுங்கள். அதன்மீது செயல்படுபவை மூன்றே விசைகள்: நேர்கீழாக எடை, பலகைக்குச் செங்குத்தாக அது தரும் எதிர்விசை, பலகையை ஒட்டி உராய்வு. புவியீர்ப்பு முடுக்கம் 9.81 என்று கொண்டால் எடை ஏறத்தாழ 196 நியூட்டன். அதில் சரிவின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் கூறு 98 நியூட்டன். பலகையை அழுத்தும் கூறு 170 நியூட்டன். நிலை உராய்வுக் குணகம் (பொருள் நிற்கும்போது), இயக்க உராய்வுக் குணகம் (வழுக்கும்போது) இரண்டும் 0.4 என்றால், உராய்வு அதிகபட்சம் 170இன் 0.4 மடங்கான 68 நியூட்டன் வரைதான் தாங்கும். ஆகவே பிடியை விட்டால் குலை நிற்காது; எஞ்சிய 30 நியூட்டன் அதன் வேகத்தை ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 1.5 மீட்டர் வீதம் கூட்டிக் கீழே கொண்டுவரும். எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யாமல், படம் ஒன்றிலிருந்தே இவ்வளவும் கிடைத்ததைக் கவனியுங்கள்.

இங்கே மிகப் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதியைப் படித்தவுடன், எடையும் பலகையின் எதிர்விசையும் ஒன்றுக்கொன்று வினையும் எதிர்வினையும் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வினையும் எதிர்வினையும் ஒருபோதும் ஒரே பொருளின்மீது செயல்படுவதில்லை: பலகை குலையைத் தள்ளுவதற்கு இணை, குலை பலகையை அழுத்துவது; பூமி குலையை இழுப்பதற்கு இணை, குலை பூமியை இழுப்பது. ஒவ்வொரு விசைக்கும் ‘யார், யார்மீது’ என்று எழுதிப் பழகினால் இந்தக் குழப்பம் விரைவில் அகலும்.

ஆற்றல் அதிகாரத்துக்கு வந்ததும், எப்போது விசையைக் கையாள்வது, எப்போது ஆற்றலைக் கையாள்வது என்ற கேள்வி எழும். நேரம் கேட்கப்படாமல் உயரமும் வேகமும் மட்டுமே தேவைப்பட்டால் ஆற்றலே குறுக்குவழி. 12 மீட்டர் உயரத்திலிருந்து வெட்டப்பட்ட குலை, காற்றுத் தடையைக் கருதாவிட்டால், தரையைத் தொடும்போது நொடிக்கு 15.3 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். விழுவதற்கு ஆகும் நேரமோ 1.6 நொடிக்கும் குறைவு. நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டும் நம் பெற்றோர் ஏன் மரத்தடியை விட்டு விலகி நிற்கிறார்கள் என்பதற்கு இந்த எண்களே விளக்கம்.

உந்தமும் மோதலும் இதே ஒழுங்கில் வரும். சுழற்சி இயக்கத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். விசையின் அளவோடு அது எங்கே செயல்படுகிறது என்பதும் அங்கே முக்கியமாகிறது.

விரிவுரைக் குறிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பது படித்த நிறைவைத் தரும். கணக்குப் போடும் திறனைத் தராது. விடையைப் பார்க்காமல் தாளில் முயன்று, சிக்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் விரிவுரையாளரிடம் அந்த ஒரு படியை மட்டும் கேளுங்கள். வார இறுதியில் தோட்ட மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் கூடி, ஒருவர் விசைப்படம் வரைய மற்றவர் அதில் குறை காண்பது மிகப் பயனுள்ள பயிற்சி.

செய்முறைக்கு ஆய்வகத்தையே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் நீளத்தை நட்டின் நடுப்பகுதி வரை அளந்து, சிறிய கோணத்தில் ஆடவிட்டு, 20 முழு அலைவுகளுக்கான நேரத்தைக் கைப்பேசியில் எடுங்கள். ஒரே அலைவை அளந்தால் விரல் தாமதமே பெரிய பிழையாகும். இருபதை அளந்து வகுத்தால் அந்தப் பிழை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு மீட்டர் நூலுக்கு அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி வர வேண்டும். நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு 4.02ஐ (4π²ஐ 9.81ஆல் வகுத்தால் வருவது) ஒட்டி அமைந்தால், புவியீர்ப்பு முடுக்கமான 9.81 என்ற எண்ணை உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலேயே நீங்கள் அளந்துவிட்டீர்கள்.